கனிக்காகக் காத்திருத்தல்: வேத மரங்களைப் பற்றிய நினைவுகள்

யூதர்களின் எபிரேய வேதாகமமும், அதனைப் பழைய ஏற்பாடாக ஏற்றுப் புதிய ஏற்பாட்டோடு சேர்த்து ஓதும் கிறிஸ்தவர்களின் வேதாகமமும், மரங்களுக்கு அளித்திருக்கும் இடம் மிகப் பெரியது. ஆதியாகமத்தின் படைப்பு வரலாற்றில் மூன்றாம் நாளிலேயே, மனிதன் தோன்றுவதற்கு முன்பாக, தம்முள் விதையைக் கொண்ட கனிமரங்கள் முளைத்து நிற்கின்றன. கிறிஸ்தவ வேதாகமத்தின் கடைசி அதிகாரத்தில், மாதந்தோறும் கனி தரும் ஜீவ விருட்சம் ஒரு நதியின் இரு கரைகளிலும் வளர்ந்திருக்கிறது. இவ்விரு எல்லைகளுக்கும் இடையில் அத்தியும் ஒலிவமும் திராட்சையும் பேரீச்சையும் மாதளையும் வாதுமையும் கேதுருவும் சட்டமாகவும் உவமையாகவும் தீர்க்கதரிசனமாகவும் திரும்பத் திரும்ப வருகின்றன. ஆயினும் வேதத்தின் கனி எது என்று கேட்டால், ஏவாள் பறித்த விலக்கப்பட்ட கனி ஒன்றையே பெரும்பாலோர் நினைவுகூர்வர். தென் தமிழ்நாட்டின் பனங்காட்டுச் சிற்றூர் ஒன்றில், வேதத்தை முதலில் செவிவழியாகவும் பின்னர் வாசிப்பு வழியாகவும் பெற்ற இக்கட்டுரையாளரின் நினைவில் படிந்துள்ள மரங்களோ வேறொரு செய்தியைச் சொல்கின்றன. அவற்றுள் மிகப் பலவும் காலத்தைப் பற்றியும், காத்திருப்பைப் பற்றியும், தான் நடாத மரத்தின் கனியை உண்பவன் தனக்குப் பின் வருவோருக்குப் பட்டிருக்கும் கடனைப் பற்றியும் பேசுகின்றன.

ஏதேன் தோட்டத்தைப் பற்றிய பகுதியில் பெயர் சுட்டப்படும் மரங்கள் இரண்டு: ஒன்று ஜீவ விருட்சம், மற்றொன்று நன்மை தீமை அறியத்தக்க விருட்சம். மனிதன் உண்ட கனி எந்த இனத்தைச் சேர்ந்தது என்று ஆதியாகமம் எங்கும் கூறவில்லை. இந்த மௌனத்தை யூத அறிஞர்கள் விவாதத்திற்குரிய வெளியாகவே கொண்டனர். வாய்மொழிச் சட்டங்களின் தொகுப்பாகிய மிஷ்னாவையும் அதன்மீது தலைமுறைகளாக நடந்த விவாதங்களையும் உள்ளடக்கிய தல்மூதில், ஆசீர்வாத மன்றாட்டுகளைப் பற்றிய பெராகோத் என்னும் பகுதி, மூன்று ஆசான்களின் மூன்று கருத்துகளை அருகருகே வைக்கிறது. மனிதனுக்கு மிகுந்த புலம்பலைக் கொண்டுவருவது மதுவே என்பதால் அது திராட்சை என்றார் ரபி மேயர். எதனால் கெட்டார்களோ அதனாலேயே சீர்பெற்றார்கள், அதாவது அத்தி இலைகளைத் தைத்தே தங்களை மூடிக்கொண்டார்கள் என்பதால் அது அத்தி என்றார் ரபி நெகேமியா. தானியத்தின் சுவையை அறியும் வரை குழந்தை தாய் தந்தையரை அழைக்க அறியாது என்பதால் அது கோதுமை என்றார் ரபி யூதா. மூவருள் ஒருவரே சரி என்று தல்மூது அங்கே தீர்ப்பளிக்கவில்லை. ஐரோப்பிய ஓவியர்களிடமும் இந்தப் பன்மை நெடுங்காலம் நிலவியது. 1432இல் நிறைவுற்ற கென்ட் நகரப் பலிபீட ஓவியத்தில் ஏவாளின் கையில் இருப்பது எலுமிச்சை இனத்தைச் சேர்ந்ததாகத் தோன்றும் கனி. வத்திக்கானின் சிஸ்டைன் சிற்றாலய விதானத்தில் மைக்கேலாஞ்சலோ தீட்டியது அத்தி மரம். காலப்போக்கில் ஆப்பிளே வென்றது. ஞாயிறு பள்ளிச் சுவரில் தொங்கிய வண்ணப் படத்திலும் ஆப்பிளே சிவந்து பழுத்திருந்தது. நோயாளிகளைப் பார்க்கச் செல்வோர் நகரத்திலிருந்து வாங்கிச் செல்லும் பழமாக மட்டுமே ஆப்பிளை அறிந்திருந்த அவ்வூர்ப் பிள்ளைகளுக்கு, ஏதேன் தோட்டம் தங்கள் மண்ணுக்குத் தொடர்பில்லாத தொலைதேசமாகவே தெரிந்தது.

அந்தப் படத்தில் ஜீவ விருட்சம் வரையப்படவே இல்லை என்பது இன்று எண்ணிப் பார்க்கையில் வருத்தத்திற்குரியது. ஏனெனில் கதையின் பிற்பகுதி முழுவதும் அந்த மரத்தையே சார்ந்திருக்கிறது. மனிதன் தோட்டத்திலிருந்து வெளியேற்றப்பட்டபோது, ஜீவ விருட்சத்திற்குச் செல்லும் வழியைக் காக்கக் கேருபீன்கள் என்னும் விண்ணகக் காவலர்களும் சுடரும் வாளும் வைக்கப்பட்டன. வழிதான் அடைபட்டதே அன்றி, மரம் வெட்டப்படவில்லை. நீதிமொழிகள் நூல், ஞானத்தைப் பற்றிக்கொள்வோருக்கு அது ஜீவ விருட்சம் என்று கூறி, அடைபட்ட வழிக்கு வேறொரு வாயிலைத் திறந்தது. யூதத் தொழுகைக்கூடங்களில் வேதச் சுருளைப் பேழைக்குள் மீண்டும் வைக்கும் வேளையில் இக்கூற்று இசைக்கப்படுகிறது. தோரா எனப்படும் அச்சுருள் சுற்றப்பட்டிருக்கும் மரக் கோல்களுக்கும் ஜீவ விருட்சம் என்றே பெயர். ஏதேனில் தொடமுடியாமற்போன மரத்தைக் கையால் பிடித்து, விரித்து, வாசிக்கலாம் என்ற உறுதிப்பாட்டை இவ்வழக்கம் தாங்கி நிற்கிறது.

இக்குறியீடுகள் பிறந்த நிலத்தின் இயல்பை அறியாமல் அவற்றின் எடையை அறிய இயலாது. உபாகமத்தின் எட்டாம் அதிகாரம் வாக்களிக்கப்பட்ட நாட்டின் ஏழு விளைபொருள்களைப் பட்டியலிடுகிறது: கோதுமை, வாற்கோதுமை, திராட்சை, அத்தி, மாதளை, ஒலிவம், தேன் ஆகியவை. இங்கே தேன் எனப்படுவது பேரீச்சம்பழத்திலிருந்து எடுக்கப்படும் பாகு என்று யூத மரபு விளக்குகிறது. ஆகவே ஏழில் ஐந்து, ஒருமுறை நட்டுப் பல ஆண்டுகள் பேணவேண்டிய கனித்தாவரங்களாகும். யூதேயாவின் மலைச்சரிவுகளில் மண் ஆழமற்றது. மழையோ குளிர்காலத்தில் மட்டுமே பெய்து, கோடை முழுவதும் வானம் வறண்டிருக்கும். கல்லடுக்கிப் படிநிலம் கட்டி, அதில் ஒலிவக் கன்றை நடுபவன் முதல் விளைச்சலைக் காணவே ஆண்டுகள் பலவாகும். நிறைவான விளைச்சலை அவன் பிள்ளைகளே காண்பர். இத்தகைய நிலத்தில் ஒரு கனிமரம் என்பது, ஒரு குடும்பம் ஓரிடத்தில் அமைதியாக நீடித்து வாழ்ந்தது என்பதற்கான சான்றாகும். சாலொமோனின் ஆட்சிக் காலத்தின் அமைதியை விவரிக்கும் இராஜாக்களின் நூலும், வரவிருக்கும் அமைதியைக் காணும் மீகா தீர்க்கதரிசியும், ஒவ்வொருவனும் தன் திராட்சைக்கொடியின் கீழும் தன் அத்தியின் கீழும் அச்சமின்றி அமர்ந்திருப்பதையே காட்டுவதற்கு இதுவே காரணம்.

லேவியராகமத்தின் பத்தொன்பதாம் அதிகாரம் இந்தக் காத்திருப்பைச் சட்டமாகவே வகுத்தது. புதிதாக நட்ட கனிமரத்தின் பழத்தை முதல் மூன்று ஆண்டுகள் உண்ணலாகாது. நான்காம் ஆண்டின் விளைச்சல் இறைவனுக்குரிய புனிதப் பொருள். ஐந்தாம் ஆண்டிலிருந்தே நட்டவன் உண்ணலாம். முதல் மூன்றாண்டுக் கனிக்கு யூதச் சட்டத்தில் ஓர்லா என்று பெயர். கைக்கெட்டும் தூரத்தில் கனி இருந்தும் காலம் கனியும் வரை பொறுத்திருக்கவேண்டும் என்னும் இவ்விதியை ஏதேன் கதையோடு சேர்த்து வாசிப்பவருக்கு, ஆதாம் கற்கத் தவறிய பாடத்தை ஒவ்வொரு தோட்டக்காரனும் தன் கொல்லையிலேயே கற்கும்படி சட்டம் ஏற்பாடு செய்திருப்பது புலப்படும்.

ஒலிவத்தையே கண்டிராத பனங்காட்டு ஊரில் இச்செய்தி அந்நியமாக ஒலிக்கவில்லை என்பது இக்கட்டுரையாளரின் உறுதியான நினைவு. செம்மண் தேரியின் ஓரங்களில் மழைக்கு முன்னர்ப் பனங்கொட்டைகளைப் புதைத்துச் சென்ற முதியவர்கள், அம்மரம் பாளை விட்டுப் பதநீர் தருவதற்குப் பத்து ஆண்டுகளுக்கும் மேலாகும் என்பதை நன்கு அறிந்தவர்கள். தென்னை வைத்தவன் தின்றுவிட்டுச் சாவான், பனை வைத்தவன் பார்த்துவிட்டுச் சாவான் என்ற பழமொழி அவர்கள் வாயில் இயல்பாக வழங்கியது. அதைச் சொல்லிக்கொண்டே அவர்கள் புதைத்தார்கள். தல்மூதின் தானித் என்னும் பகுதியில், மழைக்காக மன்றாடுவதில் பெயர்பெற்ற ஹோனி என்பவரைப் பற்றிய கதையைப் பின்னாளில் வாசித்தபோது அம்முதியவர்களின் முகங்களே கட்டுரையாளரின் நினைவுக்கு வந்தன. கரோப் என்னும் இனிய நெற்றுக்களைத் தரும் மரத்தை ஒருவன் நடுவதைக் கண்ட ஹோனி, அது காய்க்க எத்தனை ஆண்டுகள் ஆகும் என்று கேட்க, எழுபது என்று விடை வந்தது. அதுவரை உயிரோடிருப்போம் என்று நம்புகிறாயா என்ற வினாவுக்கு அவன், தான் பிறந்தபோதே உலகில் கரோப் மரங்கள் இருந்தன என்றும், முன்னோர் தனக்காக நட்டதைப் போலத் தானும் தன் பிள்ளைகளுக்காக நடுவதாகவும் கூறினான். அதன்பின் உறங்கிப்போன ஹோனி எழுபது ஆண்டுகள் கழித்து விழித்தபோது, நட்டவனின் பேரன் அதன் காய்களைப் பொறுக்கிக்கொண்டிருந்ததாகக் கதை தொடர்கிறது.

காத்திருந்து பெற்ற கனியும் முழுவதும் தனக்குரியதன்று என்பது அடுத்த பாடம். மிஷ்னாவின் பிக்கூரிம் என்னும் பகுதி, முதற்பலன்களைக் கோவிலுக்குக் கொண்டுசெல்லும் முறையை விவரிக்கிறது. ஒருவன் தன் நிலத்திற்குச் சென்று, முதலில் பழுக்கத் தொடங்கிய அத்தியையோ திராட்சைக் குலையையோ மாதளையையோ கண்டவுடன், அதில் நாணற்புல்லைக் கட்டி, இது முதற்பலன் என்று அறிவிக்கவேண்டும். ஊர்தோறும் மக்கள் கூடி எருசலேமுக்குப் புறப்படுகையில், பொன் பூசிய கொம்புகளும் ஒலிவ இலை முடியும் அணிந்த எருது முன்னே செல்லும், குழலோசை உடன்வரும், கோவில் மலையை அடைந்ததும் அரசனாகிய அகிரிப்பாவே ஆனாலும் தன் கூடையைத் தன் தோளில் சுமக்கவேண்டும். கூடையை வைப்பவன் தன் முன்னோர் நாடற்று அலைந்ததையும், எகிப்தில் அடிமைப்பட்டதையும், விடுவிக்கப்பட்டு இந்நிலத்தைப் பெற்றதையும் வாய்விட்டு உரைக்கவேண்டும் என்று உபாகமம் விதிக்கிறது. கையிலிருக்கும் பழத்தை வரலாற்றின் முடிவில் கிடைத்த கொடையாகக் காணச் செய்யும் சடங்கு இது.

திருநெல்வேலிப் பகுதித் திருச்சபைகளில் நடைபெறும் அறுப்பின் பண்டிகை இம்மரபை எதிரொலிக்கிறது. அந்நாளில் வாழைக்குலைகளும் தேங்காய்களும் பூசணிக்காய்களும் முருங்கைக்காய்க் கட்டுகளும் கருப்பட்டியும் ஆலயத்தில் வைக்கப்படும். ஆராதனை முடிந்ததும் அவை ஏலம் விடப்படும். கடையில் சிறு விலைக்குக் கிடைக்கும் பூசணிக்காயைப் பன்மடங்கு விலை சொல்லி எடுத்தவர்களும், எடுத்த பொருளையே மீண்டும் ஏலத்திற்குக் கொடுத்தவர்களும் அவ்வூரில் இருந்தனர். பண்டிகைக்கென்று குறித்துவைத்த வாழைக்குலையில் ஒரு பழம் பழுத்துத் தானே உதிர்ந்தாலும், அதைப் பிள்ளைகள் எடுத்துத் தின்பதைப் பெரியவர்கள் அனுமதித்ததில்லை. நாணற்புல் கட்டிய அத்தியைப் பற்றி அறியாதவர்களே ஆயினும், அக்கட்டின் பொருளை அவர்கள் முழுமையாகக் கைக்கொண்டிருந்தனர்.

கனியின் குறியீடு தனிமனிதனிடமிருந்து சமூகத்திற்கு விரிவதைக் கூடாரப் பண்டிகை காட்டுகிறது. லேவியராகமம் கட்டளையிடும் நான்கு தாவரங்களை யூதர்கள் இன்றும் அப்பண்டிகையில் கையிலேந்துகின்றனர்: எத்ரோக் என்னும் நறுமணமுள்ள கடாரங்காய் போன்ற கனி, விரியாத பேரீச்ச ஓலை, மிர்தல் என்னும் மணமுள்ள செடியின் கிளை, ஆற்றலரிக் கிளை ஆகியவை. வேத வசனங்களுக்கு விரிவுரை கூறும் மித்ராஷ் நூல்களுள் ஒன்றாகிய லேவியராகம ரப்பா, சுவையைக் கல்விக்கும் மணத்தை நற்செயலுக்கும் ஒப்பிட்டு இவற்றை விளக்குகிறது. எத்ரோக்கில் சுவையும் மணமும் உண்டு. பேரீச்சையில் சுவை மட்டும் உண்டு. மிர்தலில் மணம் மட்டும் உண்டு. ஆற்றலரியில் இரண்டும் இல்லை. மக்களும் இவ்வாறே நால்வகையினர். எனினும் இறைவன் அவர்களை ஒரே கட்டாகக் கட்டச் சொல்கிறான், ஒருவர் குறையை மற்றவர் ஈடுசெய்யவேண்டும் என்பதற்காக. கனியற்ற கிளையைக் களைந்துவிட்டால் சடங்கே நிறைவேறாது என்னும் இந்த விளக்கம், மனிதரைப் பயன் கொண்டு மட்டும் அளக்கும் எல்லா அளவுகோல்களுக்கும் எதிரான அழுத்தமான மறுப்பாகும்.

பேரீச்ச ஓலைக்கு வெற்றியின் பொருளும் உண்டு. மக்கபேயர் முதல் நூலின்படி, எருசலேம் கோட்டையை மீட்ட சீமோன் ஓலைகளோடும் இசையோடும் உள்ளே நுழைந்தார். பின்னாளில் ரோமர்கள் எருசலேமை 70ஆம் ஆண்டில் அழித்தபின் வெளியிட்ட நாணயங்களில், யூதேயா நாட்டின் அடையாளமாகிய பேரீச்ச மரத்தின் கீழ் அழுதுகொண்டிருக்கும் பெண்ணின் உருவம் பொறிக்கப்பட்டது. இந்தப் பின்னணியில், கழுதைக்குட்டியின்மேல் வந்த இயேசுவை மக்கள் பேரீச்சங் கிளைகளோடு எதிர்கொண்டதாக யோவான் நற்செய்தி கூறுவது, மக்கள் எதிர்பார்த்த வெற்றிக்கும் வந்தவர் கொண்டுவந்த வெற்றிக்கும் இடையிலிருந்த தொலைவை உணர்த்துகிறது. தமிழ்நாட்டில் அந்நாள் குருத்தோலை ஞாயிறு. பேரீச்சைக்குப் பதிலாகத் தென்னை அல்லது பனையின் வெளிறிய இளங்குருத்து பிள்ளைகளின் கைகளில் அசையும். அதைச் சிலுவையாக மடித்து வீட்டில் வைப்பதும், பல சபைகளில் அவ்வாறு காய்ந்த ஓலைகளை எரித்து அடுத்த ஆண்டுச் சாம்பல் புதனுக்குச் சாம்பல் எடுப்பதும் வழக்கம். வெற்றி முழக்கத்தோடு ஏந்திய ஓலையே மனந்திரும்புதலின் சாம்பலாக நெற்றிக்கு வருவது, பிள்ளைப் பருவத்தில் கண்ணால் கண்டு கற்ற இறையியலாகும்.

எனினும் காத்திருப்பின் மரம் என்று வேதத்தில் ஒன்றைச் சொல்லவேண்டுமாயின் அது அத்தியே. கோடையின் தொடக்கத்தில் பழுக்கும் முதல் அத்தியின் அருமையைத் தீர்க்கதரிசிகள் நன்கு அறிவர். பாலைவனத்தில் இஸ்ரவேலைக் கண்டடைந்த மகிழ்ச்சியை ஓசியா அக்கனிக்கு ஒப்பிடுகிறார். நேர்மையாளரைத் தேடியும் காணாத துயரத்தை மீகா, அக்கனியைத் தேடியும் காணாத ஏக்கத்தால் சொல்கிறார். லூக்கா நற்செய்தியின் பதின்மூன்றாம் அதிகாரத்தில் இயேசு கூறும் உவமை இவ்வேக்கத்தை எடுத்துக்கொண்டு அதன் முடிவை மாற்றுகிறது. திராட்சத் தோட்டத்தில் நட்ட அத்தியில் மூன்று ஆண்டுகளாகக் கனி காணாத உரிமையாளன் அதை வெட்டிவிடச் சொல்கிறான். தோட்டக்காரனோ இன்னும் ஓராண்டு பொறுக்கும்படியும், தான் அதைச் சுற்றிக் கொத்தி எருவிடுவதாகவும் வேண்டுகிறான். உவமை அத்தோடு முடிகிறது. மரம் காய்த்ததா, வெட்டப்பட்டதா என்று லூக்கா கூறவில்லை.

தமிழ்ச் சபைகளில் டிசம்பர் 31ஆம் நாள் நள்ளிரவு ஆராதனையில் இவ்வுவமையைப் பிரசங்கத்திற்கு எடுத்துக்கொள்வது பரவலான வழக்கம். கட்டுரையாளரின் நினைவிலும் அந்த இரவும் இந்த மரமும் பிரிக்கமுடியாதபடி இணைந்துள்ளன. கம்பளியும் தலைத்துண்டும் போர்த்திய முதியவர்கள் முன்வரிசைப் பாய்களில் அமர்ந்திருக்க, கோடரியை எடுக்கச் சொன்ன எசமானனின் சினத்தைப் பிரசங்கியார் உரத்த குரலில் விவரிப்பார். சபையார் தலைகுனிந்து கேட்பர். ஆனால் அவர்கள் நெஞ்சில் தங்கியது தோட்டக்காரனின் சொல்லே என்பது, ஆராதனை முடிந்தபின் ஒருவரையொருவர் கைகுலுக்கி, கர்த்தர் இன்னும் ஒரு வருஷத்தைக் கூட்டிக் கொடுத்திருக்கிறார் என்று சொல்லிக்கொண்டதிலிருந்து விளங்கியது. அவ்வாண்டில் பிள்ளையை இழந்தவரும், பிழைப்புக்காக ஊர் விட்டுச் சென்று வெறுங்கையோடு திரும்பியவரும் அதே சொற்களைச் சொன்னார்கள். எருவிடுவதாகச் சொன்ன தோட்டக்காரன் மரத்திற்காக உழைக்கவும் முன்வருகிறான் என்பதை அவர்கள் கவனித்திருந்தனர். வெறும் கால நீட்டிப்பாக அதை அவர்கள் எண்ணவில்லை.

இதற்கு நேர்மாறாகத் தோன்றும் பகுதி மாற்கு நற்செய்தியின் பதினொன்றாம் அதிகாரம். அங்கே இயேசு, இலை நிறைந்த அத்தியில் கனி காணாமல் அதைச் சபிக்கிறார். அது அத்திப்பழக் காலமன்று என்று மாற்கே குறிப்பிடுவதால் வாசகர் கலங்குவது இயல்பு. இலைகள் துளிர்க்கும் பருவத்திலேயே அத்தியில் சிறு பிஞ்சுகளும் தோன்றுவதுண்டு. இலை மட்டும் செழித்துப் பிஞ்சற்ற மரத்தில் பின்னும் முதற்கனி கிடைக்காது. மாற்கு இச்சாபத்தை முதலில் சொல்லி, அடுத்துக் கோவிலில் வணிகரைத் துரத்திய நிகழ்வைச் சொல்லி, அதன்பின்னரே மரம் பட்டுப்போனதைச் சொல்கிறார். ஆகவே இங்கு நியாயத்தீர்ப்புக்கு உட்படுவது, செழித்த சடங்குகளின் மறைவில் ஏழைகளைச் சுரண்டிய ஓர் அமைப்பு என்பது இந்த வரிசையிலிருந்தே தெளிவாகும். இந்த அத்தியை யூத மக்கள் அனைவருக்கும் அடையாளமாக்கி, அவர்கள் என்றென்றைக்கும் பட்டுப்போனவர்கள் என்று போதித்த கிறிஸ்தவ விளக்கங்கள் வரலாற்றில் பல. அவை விளைவித்த பகைக்கும் கொடுமைக்கும் மன்னிப்புக் கேட்பதைத் தவிர வேறு மறுமொழி இல்லை.

அத்தகைய விளக்கத்திற்குப் புதிய ஏற்பாட்டிலேயே தடை இருந்தது. ரோமருக்கு எழுதிய நிருபத்தின் பதினொன்றாம் அதிகாரத்தில் பவுல், யூதரல்லாத கிறிஸ்தவர்களைக் காட்டொலிவ மரத்தின் கிளை என்கிறார். நல்ல ஒலிவத்தில் ஒட்டவைக்கப்பட்ட அக்கிளை மற்ற கிளைகளுக்கு எதிராகப் பெருமை பாராட்டலாகாது. அது வேரைத் தாங்கவில்லை, வேரே அதைத் தாங்குகிறது என்று அவர் எச்சரிக்கிறார். ஒட்டுக்கிளைக்குத் தனி வேர் இல்லை. இஸ்ரவேலின் சங்கீதங்களையும் தீர்க்கதரிசனங்களையும் தன் தாய்மொழியில் பாடி வளர்ந்த எந்தக் கிறிஸ்தவச் சமூகத்திற்கும், தமிழ்ச் சமூகம் உட்பட, இந்த நன்றியுணர்வு அடிப்படைக் கடமையாகும்.

ஒலிவம் இப்பொருளுக்குத் தகுதியான மரமும்கூட. அடிமரம் வெட்டுண்டாலும் வேரிலிருந்து அது மீண்டும் துளிர்க்கும். பழைய மரத்தைச் சுற்றி இளங்கன்றுகள் எழும். பிள்ளைகள் பந்தியைச் சுற்றி ஒலிவக் கன்றுகளைப் போல் இருப்பர் என்று 128ஆம் சங்கீதம் காண்பது இந்த இயல்பைத்தான். வெட்டப்பட்ட மரத்திற்கும் தண்ணீரின் வாசனையால் துளிர்க்கும் நம்பிக்கை உண்டு, மனிதனுக்கோ அது இல்லையே என்று யோபு புலம்புகிறான்; ஈசாயின் அடிமரத்திலிருந்து ஒரு துளிர் எழும் என்று ஏசாயா அறிவிக்கிறார். எருசலேமின் கெத்செமனே தோட்டத்தில் எட்டுப் பழமையான ஒலிவங்கள் உள்ளன. இத்தாலிய அறிவியலாளர்கள் அவற்றுள் மூன்றின் அடிமரங்களை ஆய்ந்து, அவை 12ஆம் நூற்றாண்டையொட்டிய காலத்தவை என்று 2012இல் அறிவித்தனர். அம்மரங்களை நேரில் கண்டபோது, அவற்றின் உயரமின்மையும் முறுக்கேறிய உட்குழிந்த அடிமரமும் கட்டுரையாளரை வியப்பில் ஆழ்த்தின. வேலியருகே நின்ற பல நாட்டுப் பயணிகள் தத்தம் மொழிகளில் செபித்துக்கொண்டிருந்தனர். மரங்களில் அந்த ஆண்டின் காய்களும் இருந்தன.

மரத்தைக் காப்பதும் வேதத்தில் அறக்கட்டளையே. ஒரு நகரை நெடுநாள் முற்றுகையிட்டாலும் அதன் கனிமரங்களைக் கோடரியால் அழிக்கலாகாது என்று உபாகமத்தின் இருபதாம் அதிகாரம் படைகளுக்கு விதிக்கிறது. இதிலிருந்தே யூதச் சட்டம், பயனுள்ள எதையும் வீணாக அழிக்கலாகாது என்னும் பொது நெறியை வளர்த்தெடுத்தது. 12ஆம் நூற்றாண்டின் பேரறிஞர் மைமோனிடீஸ் இதனைப் பாத்திரங்களுக்கும் ஆடைகளுக்கும் கட்டடங்களுக்கும் நீரூற்றுகளுக்கும் உணவுக்கும் விரித்துரைத்தார். மரங்களின் வயதைக் கணக்கிட மிஷ்னா வகுத்த ஆண்டுப்பிறப்பு, இல்லேல் என்னும் ஆசானின் மரபினரது தீர்ப்புப்படி ஷெவாத் மாதத்தின் 15ஆம் நாள்; தசமபாகம் கணக்கிடுவதற்குத் தொடங்கிய அந்நாளே இன்று மரம் நடும் திருநாளாக வளர்ந்திருக்கிறது. பகைவனின் மரத்தையும் விட்டுவைக்கச் சொல்லும் அக்கட்டளை, அதே நாட்டில் ஒலிவத் தோப்புகள் பூசலுக்கும் அழிவுக்கும் உள்ளாகும் இக்காலத்தில், அந்நூலைப் புனிதமாகப் போற்றும் அனைவரையும் நோக்கி இன்னும் பேசிக்கொண்டிருக்கிறது.

கிறிஸ்தவ வாசிப்பில் இம்மரங்களெல்லாம் சிலுவையில் வந்து சேர்கின்றன. மரத்தில் தூக்கப்பட்டவன் சபிக்கப்பட்டவன் என்ற உபாகமச் சட்டத்தைப் பவுல் இயேசுவின் மரணத்தோடு இணைத்தார். இரண்டாம் நூற்றாண்டின் இரேனியு, ஒரு மரத்தால் வந்த கீழ்ப்படியாமை மற்றொரு மரத்தில் வெளிப்பட்ட கீழ்ப்படிதலால் நீங்கியது என்று விளக்கினார். ரோமின் புனித கிளெமெந்து ஆலயத்தில் உள்ள 12ஆம் நூற்றாண்டு வண்ணக்கல் ஓவியத்தில் சிலுவையின் அடியிலிருந்து கொடிகள் சுருண்டெழுந்து சுவர் முழுவதும் படர்கின்றன. கொலைக்கருவியாகிய காய்ந்த மரம், காத்திருந்தோருக்குக் கனி தரும் மரமாக மாறியது என்பதே அந்த விசுவாசத்தின் சாரம். எசேக்கியேல் கண்ட ஆலய நதிக்கரை மரங்களின் வழியில், வெளிப்படுத்தின விசேஷம் இறுதியாகக் காட்டும் ஜீவ விருட்சத்தின் இலைகள் இனங்களின் காயங்களை ஆற்றுவதற்கு உரியவை. ஏதேனில் அத்தி இலை வெட்கத்தை மறைத்தது. இங்கே இலை மருந்தாகிறது.

மசாதா கோட்டையின் அகழாய்வில் கிடைத்த, ஏறத்தாழ 2,000 ஆண்டுப் பழமையுள்ள பேரீச்ச விதையொன்று 2005இல் இஸ்ரேலின் கெத்துரா குடியிருப்பில் முளைத்தது. சாரா சாலோன், எலைன் சோலோவே ஆகிய இரு பெண் அறிவியலாளர்களின் முயற்சி அது. மெத்தூசலா என்று பெயர் பெற்ற அவ்வாண்மரத்தின் மகரந்தத்தால், வேறொரு பழைய விதையிலிருந்து முளைத்த அன்னாள் என்னும் பெண்மரம் 2020இல் பழம் தந்தது. இச்செய்தி வெளியானபோது, பனங்கொட்டை புதைத்த பழைய தலைமுறையினருள் பலர் உயிரோடில்லை. அவர்கள் புதைத்தவற்றுள் பல மரங்களாகி இருந்தன. வேதம் மரத்தைக் கொண்டு மனிதனிடம் கேட்கும் கேள்வி, விலக்கப்பட்டதை உண்டாயா என்பதோடு நின்றுவிடுவதில்லை. உனக்காகக் காத்திருந்தவர்களை நினைத்தாயா, கனி காணாதவரிடத்தில் இன்னும் ஓராண்டு பொறுத்தாயா, உன் கண் காணாத காலத்திற்கென்று ஏதேனும் நட்டாயா என்று அது தொடர்ந்து கேட்கிறது. இக்கேள்விகளுக்கு விடையளிக்கும் வாழ்க்கையையே 92ஆம் சங்கீதம், முதிர்வயதிலும் கனி தரும் பேரீச்சையாகக் கண்டு போற்றுகிறது.